ஐஸ் சுமந்தவன் படம்

என்ன பாக்கீய, கேமராவையா? நல்லாப் பாத்துக்கிடுங்க. தொட மட்டும் தொட்டுராதீங்க அண்ணாச்சி, கோச்சுக்கிடக் கூடாது. யாராவது கைய நீட்டுனாலே இப்பம்லாம் வார இறுக்கிப் பிடிச்சிக்கிடுதேன். முந்தி வச்சிருந்த கேமராவ ஒரு பொம்பள என் கழுத்துலருந்து பிடுங்கிக் கல்லுல அடிச்சா. ஒரு அடி இல்ல, மூணு அடி. வாரு அறுந்து கழுத்துல ரத்தம் வந்துட்டு. இந்தா, தழும்பு தெரியுதா? ஒண்ணே முக்கா வருசம் ஆச்சி, இன்னும் போகல.

நீங்க எங்க, ஜங்சனா? நான் பாளையங்கோட்டைல எறங்கணும், கோர்ட்டுக்கு. கொலைக் கேசு. பயப்படாதீங்க, நான் சாட்சிதான். தூத்துக்குடில நடந்தா வம்பு வரும்னு கேசத் திருநெல்வேலிக்கு மாத்திட்டாவ. மொத்தம் ஒம்பது பேரு சாட்சி. டீக்கடைக்காரரு, ஐஸ் கம்பெனி மேஸ்திரி, லோடு ஏத்துறவனுவ, எல்லாரும் பாத்தவனுவதான். எட்டுப் பேரும் கூண்டுல ஏறி "பாக்கல, தெரியாது"ன்னுட்டானுவ. மிச்சம் நான் ஒருத்தன். நான் இன்னைக்கி "இவனுவதான் வெட்டுனானுவ"ன்னு சொன்னா நாலு பேரு உள்ள போவான். தெரியாதுன்னா நாலு பேரும் வீட்டுக்குப் போயிக் கறிச்சோறு திம்பான். அரசாங்க வக்கீலு நேத்து போன்ல சொல்லுதாரு, "லிங்கத்துரை, எல்லாம் உம்ம வாயிலதான் இருக்கு"ன்னு.

நான் என்ன சொல்லப் போறேன்னுதான கேக்கீய. அதத்தான் யோசிச்சிட்டு வாரேன். நீங்க வெளி ஆளு. கேட்டுட்டு நியாயம் எந்தப் பக்கம்னு சொல்லுங்க.

எனக்குத் தொழிலு போட்டோ. பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் இருபத்தாறு வருசமா ஸ்டுடியோ. எல்லாவன் கையிலயும் போன் வந்த பொறவு பாஸ்போட் சைசுக்குக்கூட ஆளு வரல. வீட்டுக்காரி அதே கடைல ஜெராக்ஸ் மிசின் போட்டு உக்காந்துட்டா. நான் என்ன செய்ய, ஈ ஓட்டவா? பேஸ்புக்ல ஒரு பக்கம் தொறந்தேன். ‘முத்துநகர் காலைப்பொழுது’ன்னு பேரு. தெனமும் விடியக்காலம் எந்திரிச்சிப் போயி ஊருல ஒரு படம். உப்பளத்துல உப்பு வாருறது, மாதா கோயில் தேரு, பீச் ரோட்டுல புறா விடுறவனுவ, பாலத்துல லாரி கவுந்து மக்காச்சோளம் கொட்டிக் கெடந்தது, எல்லாந்தான். விசைப்படகுக்காரனுக்கும் நாட்டுப்படகுக்காரனுக்கும் கடப்புறத்துல அடிதடி ஆச்சில்லா, ஒருத்தனுக்குக் காது தொங்கிட்டு. அந்தப் படமும் என் படந்தான். எல்லாவனும் ஓடுனான், நான் ஓடல. எனக்குக் கை நடுங்காது. அதான் என் பலம்.

முப்பத்தெட்டாயிரம் பேரு பாக்குற பக்கம் அண்ணாச்சி. சும்மா வந்துரல. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வெறும் படத்தப் போட்டா பத்துப் பேரு பாப்பான். இடம் போடணும், நேரம் போடணும், படத்துல இருக்கவன் எந்த ஊர்க்காரன்னு போடணும். துபாயில கெடக்குறவனுக்கும் பம்பாயில கெடக்குறவனுக்கும் படமா முக்கியம்? "எலேய், நம்ம ஊர்க்காரம்ல"ன்னு பத்துப் பேருக்கு அனுப்புவான். அதுலதான் பக்கம் வளந்துது.

சில பேரு ஊரச் சொல்ல மாட்டான். சொன்னாலும் பொய் சொல்லுவான். அதுக்கும் நான் வழி வச்சிருந்தேன். ஊரக் கேக்கக் கூடாது, சாஸ்தாவக் கேக்கணும். உங்களுக்குத் தெரியாததா? பங்குனி உத்தரம்னா நம்ம பக்கத்து ஆளு எந்தச் சீமைல கெடந்தாலும் அவனவன் குலதெய்வம் சாஸ்தாவத் தேடிப் போயிருவான். ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு சாஸ்தா. ஒருத்தரு காட்டுக்குள்ள இருப்பாரு, ஒருத்தரு கொளத்துக் கரைல இருப்பாரு. சாஸ்தா பேரு தெரிஞ்சா ஆளு எந்த ஊரு, எந்தக் கொடிவழின்னு பிடிச்சிரலாம். ஊரப் பத்திப் பொய் சொல்லுவான், பேரப் பத்திப் பொய் சொல்லுவான். சாஸ்தாவ மாத்திச் சொல்ல நாக்கு வராது. சாமி குத்தம்லா.

இப்படித்தான் அவனப் பிடிச்சேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். படகுல ஐஸ் ஏத்திட்டு இருக்கானுவ. ஒருத்தன் தோள்ல சாக்கப் போட்டு, அது மேல ஒரு முழு ஐஸ் பாளத்தத் தூக்கிட்டு வாரான். ஆளு நல்ல வாட்டசாட்டம். அன்னேரம் சூரியன் கெளம்புது. வெயிலு அந்த ஐஸுக்குள்ள போயி மறுபக்கம் வருது. அவன் மூஞ்சி பூராவும் செவப்பு. முதுகுலருந்து ஆவி பறக்கு. எடுத்தேன் பாருங்க ஒரு படம், என் ஆயுசுக்கும் அப்படி ஒண்ணு அமையாது.

அவன் துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டான். "படம் வேண்டாம் அண்ணாச்சி, அழிச்சிருங்க"ன்னான்.

"எதுக்குல பயப்படுத, பொண்ணு பாக்கவா அனுப்பப் போறேன்"னு சொல்லி டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு டீயும் உளுந்த வடையும் வாங்கிக் குடுத்தேன். பேரு குமாருன்னான். ஊரு விளாத்திகுளம்னான். விளாத்திகுளத்துக்காரன் பேச்சா அது? நான் விடல. நைசா, "உத்தரம் வருதே, கோயிலுக்குப் போவலியா? உனக்கு எந்த சாஸ்தா"ன்னேன். வாயில வடைய வச்சிக்கிட்டே சொல்லிட்டான், "இலுப்பையடி சாஸ்தா"ன்னு.

சொன்னதும் மூஞ்சி செத்துப் போச்சி. வடையக் கீழ வச்சிட்டான். "அண்ணாச்சி, அதப் போட்டுராதீங்க. எனக்குக் கொஞ்சம் பகை இருக்கு"ன்னான். போட மாட்டேன்னுதான் சொன்னேன். அப்ப போட மாட்டேன்னுதான் நெனைச்சேன், பொய் இல்ல. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசாப் பாக்கேன், படம் அப்படி நிக்கி. எப்படி விட? நீங்கன்னா விடுவீயளா?

ஆனா மனசாட்சியோடதான் போட்டேன். பேரப் போடல. ஊரப் போடல. பங்குனி உத்தரம் அன்னைக்கிக் காலைல போட்டேன். "எங்கிருந்தாலும் இலுப்பையடி சாஸ்தாவ மறக்காத உழைப்பாளி. இடம்: மீன்பிடித் துறைமுகம், தெற்கு வாசல் ஐஸ் கம்பெனி. நேரம்: காலை ஆறரை மணி." அவ்வளவுதான். இதுல என்ன தப்பு? சாமி பேரப் போட்டது ஒரு தப்பா?

மத்தியானத்துக்குள்ள நாலாயிரம் லைக்கு. அந்த சாஸ்தாவக் கும்பிடுறவனெல்லாம் அன்னைக்கி அங்கன காட்டுக்குள்ள கூடியிருக்கான், எல்லாவன் கையிலயும் என் படந்தான். எவ்வளவு பேரு என்னென்னலாம் எழுதுனாவ. நான் ஒருத்தர் விடாமப் பதில் போடுவேன். அது என் வழக்கம், மதிச்சி ஒருத்தர் கேக்கும்போது பதில் சொல்லாட்டா மரியாதை இல்லல்லா? ரோசாப்பூ படம் வச்சிருந்த ஒருத்தரு, "அருமையான படம் சார். இவரு தெனமும் அங்கதான் வேலை பாக்காரா?"ன்னு கேட்டாரு. "ஆமா சார், ஞாயித்துக்கெழம தவிர தெனமும்"னு போட்டேன். கும்பிடு போட்டுட்டுப் போனாரு. நல்ல மனுசன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு பொம்பள ஸ்டுடியோவுக்கு வந்தா. இறால் உரிக்கிற கம்பெனில வேலை போல, உடுத்தின சேலை பூரா கவிச்சி. பேரு உலகம்மா. ஐஸ் தூக்குறவன் பொண்டாட்டி. அவ சொல்லித்தான் எனக்கு விசயமே தெரியும். அவன் பேரு குமாரு இல்ல, கொம்பையா. அவன் தம்பி ஊருல கோயில் கொடைக்கி வில்லுப்பாட்டு நடக்கும்போது முன்னால உக்காருற சண்டைல ஒருத்தன வெட்டிட்டான். செயில்ல இருக்கான். தம்பி செயில்ல பத்திரமா இருக்கானா, செத்தவன் வீட்டுக்காரனுவ என்ன சொல்லிட்டானுவ, "அண்ணன் தலைய எடுப்போம்"னுட்டானுவ. இவன் அந்தச் சண்டை நடந்த எடத்துலயே இல்ல. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் துணியோட கெளம்பி வந்தவன், பதினாலு மாசமா இங்கன ஒளிஞ்சு கெடந்திருக்கான்.

"அந்தப் படத்த எடுத்துருங்க"ன்னு கால்ல விழுந்தா. கடைல நாலு பேரு ஜெராக்ஸ் எடுக்க நிக்கான், எனக்குக் கூச்சமாப் போச்சி. "எந்திரி தாயி, எடுத்துருதேன்"னேன். "இப்பமே எடுங்க"ங்கா. நாலாயிரம் லைக்கு வந்த படத்த ஒரே நிமிசத்துல எப்படி எடுக்க? நாளைக்கி எடுத்துருதேன்னு சொல்லி அனுப்புனேன். மறுநாளு எங்க வார்டுல தண்ணிக் கொடத்தோட மறியலு, போலீசு வந்து தடியடி, அதப் படமெடுக்க ஓடிட்டேன். மறந்து போச்சி. மறந்துதான் போச்சி அண்ணாச்சி, வேணும்னா செய்தேன்?

அதுக்கும் மறுநாளு காலைல வெட்டிட்டானுவ.

நான் அன்னைக்கி அங்கனதான் இருந்தேன். அந்த ஐஸ் படத்த விட நல்லதா ஒண்ணு எடுத்துரணும்னு ஒரு இது. தெற்கு வாசல்ல மீன் டிரே அடுக்கி வச்சிருப்பாவல்லா, அதுக்குப் பின்னால உக்காந்து கேமராவ செட்டு பண்ணிக்கிட்டு இருக்கேன். கொம்பையா ஐஸத் தூக்கிட்டு வாரான். ரெண்டு பைக்கு உள்ள வந்துது. நாலு பேரு. மீன் வாங்க வந்தவனுவ மாதிரி ஆளுக்கொரு கூடை. கூடைக்குள்ள கைய விட்டானுவ, அரிவா வந்துது.

கை தன்னால அமுக்கிருச்சி. பதினோரு படம்.

கேமராதான் ஒடைஞ்சி போச்சே, படம் எப்படி இருக்கும்னு பாக்கீயளா? இருக்கு. இது போலீசுக்குத் தெரியாது, வக்கீலுக்குத் தெரியாது, என் வீட்டுக்காரிக்கே தெரியாது. கொஞ்சம் இப்படிக் குனிஞ்சிக்கிடுங்க, பின் சீட்டுல இருக்கவன் பாத்துரப் போறான். இந்தா, போன்ல.

மொத படத்துல ஒண்ணும் இல்ல, பைக்கும் கூடையுந்தான். ரெண்டாவது, மொத வெட்டு. எடது தோளு. ஐஸ் இருந்த தோளு தப்பிச்சிது. மூணாவதுல ஐஸ் கீழ விழுந்து செதறுது பாருங்க, கண்ணாடி ஒடஞ்ச மாதிரி. அதுல ஒரு துண்டு கூட மங்கல் இல்லாம வந்திருக்கு. ஓடுற ஆள அந்த வெளிச்சத்துல எவனால எடுக்க முடியும்? நாலுல படகப் பாத்து ஓடுதான். அவன் போட்ட ஐஸே அவனுக்கு எமன், வழுக்கி விழுந்துட்டான். அஞ்சு, காலுல வெட்டுதானுவ. கால்லதான் மொதல்ல வெட்டுவானுவ, எந்திரிக்க விடக் கூடாதுல்லா. ஆறுல நாலு பேரு மூஞ்சியும் இருக்கு. ஒருத்தன் பல்லக் கடிச்சிட்டு இருக்கான், ஒருத்தன் அழுதுக்கிட்டே வெட்டுதான். அவன்தான் அந்த வில்லுப்பாட்டுச் சண்டைல செத்தவனுக்கு மகனாம். இந்த ஒரு படம் போதும், சாட்சியே வேண்டாம். கோர்ட்டு இதப் பாத்தா நாலு பேரும் வெளிய வர மாட்டான்.

ஏழாவதப் பொறவு காட்டுதேன். எட்டு, ஒம்பதுலாம் கழுத்து. நீங்க பாக்காண்டாம், சாப்பிட்டு வந்திருப்பீய. பத்துல ஐஸ் பூராவும் செவப்பு. பதினொண்ணு அவனுவ போறது.

அறுபது பேரு நின்னானுவ அண்ணாச்சி அங்கன. லோடுமேனு, படகுக்காரன், ஏலக்காரன், கையில கொக்கியும் கத்தியும் வச்சிருக்கவனுவ. ஒருத்தன் கிட்டப் போகல. ஒருத்தன் ஒரு கல்ல எடுத்து எறியல. என்ன ஊரு இது? மனுசனா எல்லாம்?

அவனுவ பைக்குல ஏறும்போது அந்த அழுதவன் என்னப் பாத்தான். அவ்வளவுதான், அடுத்து நாந்தான்னு நெனைச்சேன். அவன் என்ன செஞ்சான்னா, தெரிஞ்ச ஆளப் பாத்தா ஆட்டுவோம்லா, அப்படித் தலைய ஆட்டிட்டுப் போனான். எனக்கு அவன முன்னப் பின்னத் தெரியாது. என்னைய அவனுக்கு எப்படித் தெரியும்னு இன்னைய வரைக்கும் வெளங்கல.

பொறவு கேமராலருந்து கார்டக் கழட்டி, போன்ல சொருகுற சின்ன டப்பா இருக்குல்லா, அதுல போட்டுப் படத்தப் போனுக்கு ஏத்துனேன். வேற எவனும் போடுறதுக்கு முன்னால நான் போட்டுரணும்லா. இடமும் நேரமும் அடிச்சிட்டே இருக்கேன், அவ வந்துட்டா. இறால் கம்பெனிலருந்து ஓட்டமா வந்திருக்கா, கையில உறைகூட கழட்டல. அவன் பக்கத்துல உக்காந்து தலையத் தூக்கி மடியில வச்சா. வக்க முடியல. அப்படியே திரும்புனா. நான் போனோட நிக்கிறதப் பாத்துட்டா.

எந்திரிச்சி வந்து கேமரா வாரப் பிடிச்சி ஒரு இழு. ஐஸ் ஒடைக்கிற கல்லு மேடைல மூணு அடி. பொறவு கடலுக்குள்ள தூக்கி எறிஞ்சா. லென்சு மட்டுமே நாலு வருசம் சீட்டுப் போட்டு வாங்குனது. எனக்குக் கோவம் தலைக்கேறி கைய ஓங்கிட்டேன். நெசமா அடிச்சிருப்பேன், மேஸ்திரி பிடிச்சிட்டான். அந்த அறுபது பேரு முன்னால அவ சொல்லுதா, "நீதான்ல வெட்டுன. அவனுவ அரிவாளத் தூக்குனானுவ, அவ்வளவுதான்"னு.

கேட்டீயளா வார்த்தைய? புருசனப் பறிகொடுத்தவ, வயித்தெரிச்சல்ல சொல்லுதா, சரி. ஆனா எனக்கும் ஒரு மானம் இருக்குல்லா? இருபத்தாறு வருசமா அந்த ஊருல ஒரு சொல்லு வாங்குனவன் இல்ல நான். அன்னையிலருந்து துறைமுகத்துக்குள்ள போனா ஒரு பய பேச மாட்டேங்கான். டீக்கடைல நான் போயி நின்னா கிளாஸக் கழுவிட்டே இருக்கான். பேஸ்புக்ல படம் போட்டா கீழ எவனாவது ‘கொலைகாரா’ன்னு எழுதுதான். அந்த ஐஸ் படத்த அழிச்சிட்டேன்லா? அன்னைக்கிச் சாயங்காலமே எடுத்துட்டேன். அத எவனும் சொல்ல மாட்டேங்கான்.

போலீசுக்கிட்ட, கார்டும் கேமராவோட கடலுக்குள்ள போச்சின்னுதான் சொன்னேன். பயந்தான். பயமில்லாம இருக்குமா? ஆளக் காட்டச் சொன்னாவ, செயிலுக்குள்ள வரிசையா நிக்க வச்சி, காட்டுனேன். அது காயிதத்துல இருக்கு. அதான் இன்னைக்கி என் கழுத்தப் பிடிக்கி.

இந்தக் கேமராவா? இது அந்த நாலு பேரோட சொந்தக்காரங்க வாங்கிக் குடுத்தது. தப்பா நெனைக்காதீங்க. மரியாதையா வந்தாவ, வெள்ள வேட்டி, பழக்கூடை. "அண்ணாச்சி, உங்க தொழிலு கெட்டுப் போச்சின்னு கேள்விப்பட்டோம், மனசு கேக்கல"ன்னாவ. கேசப் பத்தி ஒரு வார்த்தை பேசல தெரியுமா? ஒரே ஒரு வார்த்தை. டீயக் குடிச்சிட்டு எந்திரிக்கும்போது பெரியவரு என் மக போட்டோவப் பாத்தாரு, சுவத்துல மாட்டியிருந்தது. "பாப்பா எந்தக் காலேஜு"ன்னாரு. சொன்னேன். "நல்ல காலேஜு"ன்னாரு. அவ்வளவுதான். நான் வாங்குனது கேமராவுக்குக் கேமரா. ஒடைச்சவ குடுக்கல, குடுத்தவன்கிட்ட வாங்குனேன். அது வேற, இது வேற.

வல்லநாடு தாண்டிட்டா? சீக்கிரம் வந்துட்டானே.

நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்ல. போன ஆடி மாசம் அவளப் பாக்கப் போனேன். தெற்கு பீச் பக்கம் ஒரு லைன் வீடு, இன்னும் அங்கனதான் கெடக்கா. ஊருக்குப் போனா மிச்சமும் போயிரும்லா. நான் போனது எதுக்குன்னா, ஒரே ஒரு வார்த்தைக்கி. "நீ அன்னைக்கிச் சொன்னத நாலு பேருக்கு முன்னால திருப்பி எடுத்துக்கோ. நான் கோர்ட்டுல சரியாச் சொல்லிருதேன்"னேன். ஞாயந்தான? அவ வாயில இருக்கது எனக்கு வேணும், என் வாயில இருக்கது அவளுக்கு வேணும்.

அவ வாசல்லருந்து வெலகி வழி விட்டா. உள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னா. தண்ணி குடுத்தா. பொறவு கேக்கா, "நீங்கதான் கிட்டக்க இருந்தீய. கடைசியா அவுக என்னமும் சொன்னாவளா?"

நான், "ஒண்ணும் சொல்லல"ன்னேன்.

"உதடு அசைஞ்சிதுன்னு மேஸ்திரி சொன்னாரே. உங்களப் பாத்து என்னமோ சொன்னாவன்னு. என் பேரச் சொன்னாவளா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்"ங்கா.

"இரைச்சல்ல கேக்கல தாயி"ன்னுட்டு எந்திரிச்சி வந்துட்டேன். செருப்ப மாத்தி மாட்டிட்டு வந்துட்டேன், தெருமுக்கு வந்துதான் பாக்கேன்.

இந்தா, ஏழாவது படம். அவனுவ மூஞ்சி இல்ல இதுல. கொம்பையா மட்டுந்தான். தரையில கெடக்கான், ஒரு கைய ஊனித் தலையத் தூக்கியிருக்கான். நேரா கேமராவப் பாக்கான் பாருங்க. பாக்குற எல்லாருக்கும் அவன் நம்மளப் பாக்குற மாதிரியே இருக்கும். இந்த மாதிரி ஒரு பார்வைக்கித் தவங் கெடக்கணும். வாய் தொறந்திருக்கா?

என்ன சொன்னான்னா, "போயிருங்க அண்ணாச்சி, உங்களையும் வெட்டிருவானுவ"ன்னான்.

ரெண்டு தடவை சொன்னான். நல்லாக் கேட்டுது. பதினஞ்சு அடி தூரந்தான். காப்பாத்துங்கன்னு சொல்லல அண்ணாச்சி. சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அறுபது பேரு போகாத எடத்துக்கு நான் ஒருத்தன் போயி என்ன செய்யன்னு இருந்திருப்பேன். ஏசியிருந்தாலும் நல்லா இருந்திருக்கும். போடாதீங்கன்னு சொன்னேனே, போட்டுட்டீயளேன்னு ஏசியிருக்கலாம்லா, சாவப் போறவந்தான. அவன் ஏசல. காலு ரெண்டும் துண்டாக் கெடக்கு, என்னையப் போன்னு சொல்லுதான்.

நான் எட்டாவது படம் எடுத்தேன்.

இத அவகிட்ட எப்படிச் சொல்ல? சொன்னா அடுத்து என்ன கேப்பா? நீரு என்னய்யா செஞ்சீருன்னு கேப்பா. வக்கீலும் அதத்தான் கேப்பாரு. உனக்குக் கேட்டுதா, கேட்டுதுன்னா நீ என்ன செஞ்ச. கூண்டுல நிக்க வச்சி, எல்லாரு முன்னாலயும் கேப்பாரு. நாலு பேர உள்ள தள்ளுறதுக்கு எனக்குப் பயம் இருக்கு, இல்லன்னு சொல்லல, பொட்டப்பிள்ள வச்சிருக்கேன். ஆனா உள்ளதச் சொல்லணும்னா, எனக்கு அரிவாளுக்கு உள்ள பயத்த விட அந்தக் கேள்விக்கி உள்ள பயம் அதிகம். ராத்திரி தூக்கத்துல கூட எந்திரிச்சி உக்காந்துருதேன்.

நியாயம் சொல்லுங்கன்னேன், நீங்க கையில இருக்க பேப்பர மடிச்சிட்டு இருக்கீய.

பாளையங்கோட்டை வந்துட்டு. அன்னா நிக்கா பாத்தீயளா, கோர்ட்டு ஸ்டாப்புல, நிழற்குடைக் கம்பிக்குப் பக்கத்துல, பச்ச சேல. அவதான் உலகம்மா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துருவா. கோர்ட்டுக்குள்ள போவ மாட்டா, இங்கனயே நின்னு தூத்துக்குடிலருந்து வார பஸ்ஸு ஒவ்வொண்ணையும் சன்னல் சன்னலாப் பாப்பா. நான் வந்துட்டேனான்னு பாக்கா.

கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம். அந்தப் பேப்பர விரிச்சிப் பிடிங்க, புண்ணியமாப் போவும். கண்டக்டரு கேட்டா கோர்ட்டுக்கு ஆளு இல்லன்னு சொல்லிருங்க. நான் டிக்கெட்டே ஜங்சனுக்குத்தான் எடுத்திருக்கேன். போன ரெண்டு தடவையும் காய்ச்சல்னு டாக்டர் சீட்டு குடுத்துட்டேன். இன்னைக்கும் போகலன்னா வாரண்டு வரும், வரட்டும். வாரண்டோட வந்தா போலீசே கூட்டிட்டுப் போவட்டும், நானா எறங்கிப் போயி அவ முன்னால நிக்க வேண்டாம்லா.

இந்தப் பக்கம் வாராளா? பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க, எதுக்கு இவ்வளவு நேரம் நிக்கான்.

பஸ்ஸு நவுந்துட்டா? நான் தலையத் தூக்கல, நீங்க பாத்துச் சொல்லுங்க. அவ இன்னும் நம்ம பஸ்ஸத்தான் பாக்காளா, இல்ல அடுத்த பஸ்ஸப் பாக்க ஆரம்பிச்சிட்டாளா?